நீக்கறவா, ரத்தா?

கேள்வி (புதிய மொழிபெயர்ப்பாளர்):
அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும்போது, ‘repeal’ என்பதற்கு ‘அச்சட்டம் நீக்கறவு செய்யப்பட்டது’ என்று எழுதினேன். திரும்பி வந்த தாளில் அந்தச் சொல் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டு, ஓரத்தில் ‘நீக்க உறவு? பிழையா?’ என்று இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த ‘ரத்து’ போதாதா?

பதில் (சட்ட மெய்ப்பு பார்ப்பவர்):
உறவில்லை, அறவு! ‘அறு’ என்ற வினையிலிருந்து வந்தது. இருபது ஆண்டுகளாக இந்தச் சிவப்புச் சுழியோடு எனக்குச் சண்டை.

ரத்து நல்ல சொல்தான், ஆனால் ஊருக்கெல்லாம் உழைக்கிறது. டிக்கெட்டும் ரத்து, தேர்வும் ரத்து, நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன சட்டப்பிரிவும் ரத்து. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்றது. நாடாளுமன்றம் அப்போது அதை நீக்கவில்லை. வாசகம் ஏட்டிலேயே கிடந்தது. அதன்கீழ் வழக்குகள் தொடர்ந்து பதிவானதைக் கண்டு 2021இல் அதே நீதிமன்றம் அதிர்ந்தது. சட்டமியற்றும் மன்றமே ஒரு சட்டத்தை முடித்துவைப்பதுதான் நீக்கறவு. அரசமைப்பின் 395ஆம் உறுப்பு 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தை முடித்துவைத்ததே, அதுபோல.

கேள்வி கேட்டவர்:
வேளாண் சட்டங்களுக்கு ‘வாபஸ்’ என்றல்லவா செய்தி வந்தது?

பதில் (சட்ட மெய்ப்பு பார்ப்பவர்):
வாபஸ் என்ற அறிவிப்பு 2021 நவம்பர் 19இல் வந்தது. நீக்கறவு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது 29ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களிலும் சட்டங்கள் ஏட்டில்தான் இருந்தன. நடைமுறைக்கு நீதிமன்றத் தடை இருந்தது வேறு விஷயம்.

பதில் (வழக்கறிஞர்):
ஒன்றைச் சேர்க்கிறேன். ‘ரத்து’ என்றதும் கட்சிக்காரர் ‘அப்படியானால் என் வழக்கும் போயிற்றா?’ என்கிறார். போகாது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. ஆனால் ஜூன் 30 அன்று நடந்த திருட்டுக்குப் பழைய சட்டம்தான். 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் 6ஆம் பிரிவில் இதைப் பொதுவிதியாகவே வைத்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
சுழிக்குப் பக்கத்தில் ‘அறவு’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். பொதுமக்களுக்கான சுருக்கத்தில் மட்டும் ‘நீக்கப்பட்டது’.

பதில் (சட்ட மெய்ப்பு பார்ப்பவர்):
அதைச் சுழிக்க மாட்டேன்.