சர்விலகனைப் பார்த்துச் சிரிக்கலாமா?

காங்கேயத்தான்:
சூத்திரகரின் வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தை, பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் தமிழில் மண்ணியல் சிறுதேர் என்று ஆக்கியதை, இந்த வாரம் படித்து முடித்தேன். அதில் வரும் திருடன் சர்விலகனை எல்லோரும் ரசிக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கணிகை வசந்தசேனையின் பணிப்பெண் மதனிகையை விலை கொடுத்து மீட்கப் பணம் இல்லாமல் நொடித்துப்போன சாருதத்தன் வீட்டுச் சுவரைத் துளைத்துக் கன்னம் வைக்கிறான். பூணூலை அளவுகோலாக்கி, ஓட்டை தாமரை வடிவிலா, பிறை வடிவிலா என்று யோசித்து, செங்கல் சுவருக்குப் பூரணகும்பம்தான் எடுப்பு என்று முடிவு செய்கிறான். அரங்கில் கைதட்டல் விழும் இடம்தான். ஆனால் எங்கள் பக்கம் தோட்டத்துச் சாளை வீடுகளில் வயசானவர்கள் தனியாக இருக்கிறார்கள். ராத்திரி நாய் குரைத்தால் அப்புறம் தூக்கமே கிடையாது. என்னால் அந்தக் காட்சியில் சிரிக்க முடியாதுங்க.

கோபி வாசகி:
அண்ணா, அவன் யாரையும் அடிக்கவில்லை. உள்ளே மத்தளம், வீணை, புல்லாங்குழல், ஏடுகள்தான் இருந்தன. இல்லாதப்பட்டவன் வீடு என்று தெரிந்ததும் கிளம்பப் பார்த்தான். சாருதத்தனின் தோழன் மைத்ரேயன்தான் தூக்கத்தில் உளறி, நகைப்பேழையைத் தானாகவே நீட்டுகிறான். ஒரு பெண்ணுக்கு விலை வைத்திருக்கிற ஊர், கதை நடக்கும் உஜ்ஜயினி. அவளை மீட்கப் போனவனை மட்டும் குற்றவாளி என்றால் எப்படி?

காங்கேயத்தான்:
அம்மணி, நாலாம் அங்கத்தைத் திரும்பப் படியுங்கள். தன் விடுதலை பற்றி வசந்தசேனையிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள் மதனிகை. தன் விருப்பப்படி நடக்குமானால் பணம் வாங்காமலே எல்லாரையும் விடுவிப்பேன் என்றிருக்கிறாள் வசந்தசேனை. அப்படிப்பட்டவளிடம் நேரில் போய்க் கேட்க இவனுக்கு என்ன தடை? அந்தணர் பொருளைத் தொடமாட்டேன் என்று மதனிகையிடம் பெருமை வேறு. தொட்டது அந்தணன் சாருதத்தன் வீட்டை!

கோபி வாசகி:
தன் விருப்பப்படி நடந்தால் என்றுதானே அவளும் சொல்கிறாள்? அந்த வீட்டில் அதிகாரம் தாய்க்காரி கையில். இவன் நிலைமையில் கேட்கப் போவது சுலபம் இல்லை. கைகட்டிச் சேவகம் செய்வதைவிடப் பழி வந்தாலும் சுதந்திரம் மேல் என்று அவனே சொல்கிறான். அது வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை.

நொய்யல் கரை:
இரண்டு பேருமே தூதையை விட்டுவிட்டீர்கள். திருடன் வெறுங்கையோடு போகவில்லையே என்று முதலில் சந்தோஷப்பட்ட சாருதத்தன், போனது வசந்தசேனை அடைக்கலமாகக் கொடுத்த நகை என்று நினைவு வந்ததும் மயங்கி விழுகிறான். ஏழை சொன்னால் யார் நம்புவார்கள் என்று கலங்குகிறான். அப்போது அவன் மனைவி தூதை என்ன செய்கிறாள்? தாய்வீட்டில் கொடுத்த இரத்தினமாலை ஒன்றுதான் அவளிடம் மிச்சம். புருஷன் மானம் கெடக்கூடாதென்று, விரதம் இருந்தேன், தானமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அதை மைத்ரேயன் கையில் கொடுக்கிறாள். அதைக் கொண்டுபோய், உன் நகையைச் சூதில் தோற்றுவிட்டேன் என்று பொய் சொல்லி அனுப்புகிறான் சாருதத்தன். ஒரு கன்னத்தால் எத்தனை பேர் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். நம் ஊரில் பிறந்த வீட்டு நகையைக் கழற்றிக் கொடுப்பது என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. என் கணக்கில் சர்விலகன் கடன்பட்டது அவளிடம்தான்.

கோபி வாசகி:
மாலை திரும்பி வந்ததே? ஆறாம் அங்கத்தில் வசந்தசேனை கொடுத்தனுப்புகிறாள்.

நொய்யல் கரை:
வந்தது, தூதை வாங்கவில்லை. கணவர் உங்களுக்குக் கொடுத்தது, நான் வாங்குவது முறையல்ல என்று மறுத்துவிடுகிறாள். அப்புறம் பத்தாம் அங்கத்தில், உங்கள் வீட்டில் கன்னம் வைத்தவன் நான்தான் என்று சாருதத்தனிடம் சரணடைகிறான் சர்விலகன். அவனும் கட்டிக்கொள்கிறான். மன்னிப்புக் கேட்டது சரி. ஆனால் மாலையைக் கழற்றியவள் காதில் அது விழ வேண்டாமா?

காங்கேயத்தான்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

கோபி வாசகி:
தூதை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வசந்தசேனை விடுவித்து மதனிகை கைக்கு வந்த அன்றே, நண்பன் ஆரியகனைப் பாலக மன்னன் சிறையிட்டான் என்று கேட்டதும், புது மனைவியைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு அவனை மீட்க ஓடுகிறானே, அதை என்ன செய்வீர்கள்? கொடுங்கோலனை வீழ்த்தியவனும் இவன்தான். அவனை வெறும் திருடன் என்று ஒதுக்க நான் விடமாட்டேன்.