14 நகர்த்தலில் டிரா: எங்கே தவறினேன்?

நாற்பதுவயதுச் சிப்பாய்:
ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் செஸ் போட்டி, நான்காவது சுற்று. எனக்கு வெள்ளை. எதிரே ஏழாம் வகுப்புப் பையன், நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். ரூய் லோபஸ் தொடக்கம் ஆடினேன், அவன் அதற்கு எதிரான பெர்லின் தடுப்பாட்டத்துக்குப் போனான். நான் கோட்டை கட்ட, குதிரையால் இ4 சிப்பாயை வெட்டினான். டி4, குதிரை டி6. அங்கே நான் இ5-ஐ வெட்டினேன், அவன் பி5-இல் என் பிஷப்பை எடுத்தான். ஏ4 தள்ளியதும் குதிரை மாட்டிக்கொண்டது என்று உள்ளுக்குள் ஒரே குஷி. நகம் கடித்தபடியே அதை டி4-இல் கொண்டுவந்து வைத்தான். வெட்டு, பதில் வெட்டு முடிந்தபோது அங்கே என் ராணி. அவன் டி5 தள்ள, என்பசாந்தில் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயைப் போகிற போக்கில் எடுப்பது) வெட்டினேன். ராணியால் திருப்பி எடுத்தான். அப்புறம் ராணி இ4 செக், ராணி இ6. ராணி டி4, ராணி டி6. மறுபடியும் அதே. 14-வது நகர்த்தலைத் தாளில் எழுதிவிட்டு, காயைத் தொடாமல் ஆர்பிட்டரை, அதாவது நடுவரைக் கூப்பிட்டு "மூணாவது தடவையா அதே நிலை சார், டிரா" என்றான். என் டீகூட ஆறவில்லை.

12-வது நகர்த்தலில் ராணியை வெட்டியிருக்கலாமா?

மூலைரூக்:
வெட்டியும் பிரயோசனமில்லை சார். பிஷப்பால் திருப்பி வெட்டுவான், அந்தக் காயும் வெளியே வந்துவிடும். அவனிடம் இரண்டு பிஷப். உங்களிடம் ஒரு பிஷப், ஒரு குதிரை, இரண்டும் கிளம்பாமல் வீட்டிலேயே. டிராவே மேல். 6-இல் பிஷப்பால் சி6 குதிரையை வெட்டியிருக்க வேண்டும். பையன் முழு வரிசையையும் மனப்பாடம் பண்ணி வந்திருக்கிறான்.

பழையபலகை:
சி6-இல் வெட்டினால் 8-இல் ராணிகள் போய்விடும், கறுப்பு ராஜா கோட்டை கட்ட முடியாது. பார்க்க வெள்ளைக்குச் சுகம்தான். ஆனால் 2000-இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் காஸ்பரோவே கிராம்னிக்கிடம் நான்கு முறை இதில் முட்டினார். நான்கும் டிரா, பட்டமும் போச்சு, 8½–6½. அதற்காகக் கறுப்புக்கு ஆபத்தே இல்லை என்றும் இல்லை. 2014 சோச்சி உலகப் பட்டப் போட்டி, 11-வது ஆட்டம்: இதே முடிவாட்டத்தில், ரூக்கைக் கொடுத்து பிஷப்பை வாங்கப்போய் நம்ம ஆனந்த் கார்ல்சனிடம் தோற்றார். அதைத் திரும்பப் பார்க்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

மூலைரூக்:
ராணி போகக் கூடாது என்றால் 4-இல் கோட்டை கட்டாமல் டி3 ஆடுங்கள். இ4-க்குக் காவல் ஆச்சு, காய்களும் பலகையில் நிற்கும்.

நாற்பதுவயதுச் சிப்பாய்:
டி3 சரி, அடுத்த முறை அதுதான். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கை கொடுத்துவிட்டு எழுந்தபோது பையன் சொன்னான்: "அங்கிள், 6-ல பிஷப்பால வெட்டியிருந்தீங்கன்னா அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."