அடுக்கிணைப்பா, தொடரிணைப்பா? இரண்டு திசைவிகளை இணைப்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

வீட்டுத் திசைவி ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திசைவியோடு இரண்டாவதாக ஒன்றை வடம் போட்டு இணைப்பதை 'ரவுட்டர் கேஸ்கேடிங்' என்கிறார்கள். அகராதியை நம்பினால் 'திசைவி அருவி' என்று எழுத வேண்டும், கை வரவில்லை. பள்ளி இயற்பியலில் மின்தடைகளுக்குச் சொல்லும் 'தொடரிணைப்பு' இங்கே பொருந்தும் என்று தோன்றுகிறது. ஒன்றன்பின் ஒன்றாகத்தானே இருக்கின்றன? உங்கள் கருத்து தேவை.

* * *

> 'தொடரிணைப்பு' இங்கே பொருந்தும் என்று தோன்றுகிறது

அருவியை விட்டது நல்லது. தொடரிணைப்பையும் விட்டுவிடலாம் என்பேன். அந்தச் சொல்லைப் பார்த்ததுமே 'அப்படியானால் பக்க இணைப்பு எது?' என்று படிப்பவர் தேடுவார். வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. வடத்தை எந்தத் துளையில் செருகினாலும், இரண்டாவது பெட்டியில் சேர்ந்திருக்கும் கைப்பேசியின் தரவு முதல் பெட்டி வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறது. வரிசை எப்போதும் அதேதான். மாறுவது ஒன்றுதான்: இரண்டாவது பெட்டி தனக்கென ஒரு வலையமைப்பை உருவாக்குகிறதா, இருக்கும் வலையமைப்பையே நீட்டுகிறதா? நம் சொல் இதைக் காட்ட வேண்டும்.

முதல் பெட்டியின் லேன் துளையிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கானது) வரும் வடத்தை இரண்டாவதின் வேன் துளையில் (இணையம் வரும் பக்கம்) செருகினால், வலைக்குக் கீழே இன்னொரு வலை பிறக்கிறது. மேலே 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் இருந்தால் கீழே 192.168.2 என்று வேறாக வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வரம்பு என்றால், எந்த முகவரி எந்தப் பக்கம் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது. கீழ் வலையில் இருக்கும் கணினி மேல் வலையின் அச்சுப்பொறியை முகவரி கொடுத்து எட்டலாம். ஆனால் மேலிருப்பவை கீழே இருப்பவற்றைத் தாமாக எட்ட முடியாது. அச்சுப்பொறி பட்டியலில் தானாக வந்து நிற்கும் வசதியும் இந்த எல்லையைத் தாண்டாது. மேல், கீழ் என்றுதான் இதை விளக்கவே முடிகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் இதற்கு 'அடுக்கிணைப்பு' என்பது என் பரிந்துரை.

லேனிலிருந்து லேனுக்கே வடம் போனால் கதை வேறு. இரண்டாவது பெட்டியின் முகவரியை 192.168.1.2 போல, முதலாவது பிறருக்கு வழங்காத ஒன்றாக மாற்றி, கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி சேவையை அணைத்துவிட வேண்டும். முகவரி வழங்குவது முதல் பெட்டியின் வேலை மட்டுமே. வேன் துளை காலியாக இருக்கும். இப்போது வீடு முழுக்க ஒரே வலை. இதை 'விரிவிணைப்பு' என்று சொல்லலாம். அடுக்கு, விரிவு இரண்டையும் அருகருகே வைத்தால் விளக்கமில்லாமலே பாதி புரிந்துவிடும்.

இன்னொன்று. 'வேன்' என்று தமிழில் எழுதினால் சக்கரம் வைத்த வண்டிதான் நினைவுக்கு வருகிறது. 'உள்வாய்', 'வெளிவாய்' என்று வைத்துக்கொள்ளலாமே?

* * *

> 'உள்வாய்', 'வெளிவாய்' என்று வைத்துக்கொள்ளலாமே?

வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்: 'வடத்தை வெளிவாயில் செருகவும்.' தெருக்கதவில் செருகச் சொல்வது போல இருக்கிறது! நீங்களே மேலே 'துளை' என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே போதும். வெளித்துளை, உள்துளை. 'உட்டுளை' அல்லவா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். திரையில் படிப்பவருக்காக 'உள் துளை' என்று பிரித்தே எழுதிவிடலாம்.

அடுக்கிணைப்பு, விரிவிணைப்பு இரண்டுக்கும் என் ஆதரவு உண்டு. ஆனால் எந்தத் துளை என்பதை வைத்து அவற்றை வரையறுக்க வேண்டாம். அணுகுமுனை நிலை (ஆக்சஸ் பாயின்ட்: தனி வலை உருவாக்காமல், இருக்கும் வலையை வைஃபையில் நீட்டுவது) உள்ள பல பெட்டிகளில், அந்த நிலைக்கு மாற்றியதும் வெளித்துளையும் உள்வலையோடு சேர்ந்துவிடுகிறது. வடம் வெளித்துளையில் இருந்தாலும் நடப்பது விரிவிணைப்புதான். 'தனி வலை உருவாகிறதா' என்ற முதல் கேள்வியே வரையறையாக இருக்கட்டும்.

அப்புறம், அடுக்கிணைப்போடு சேர்ந்து வரும் சிக்கலுக்கும் சொல் வேண்டும். வீட்டுக் கருவிகளின் முகவரிகளை வெளியே போகும்போது ஒரே வெளிமுகவரியாக மாற்றும் நேட் என்னும் முகவரிமாற்றம் இருமுறை நடப்பதால் வருவது அது. இணைய விளையாட்டு தடுமாறும். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பெட்டிகளிலும் போர்ட்டை (வடம் செருகும் துளையல்ல, உள்ளே வரும் தரவுக்கான எண்ணிட்ட வழி) திறந்துவிட வேண்டும். சில மொழிபெயர்ப்புகளில் இதை 'இருதிசைவிச் சிக்கல்' என்று பார்க்கிறேன். அது தவறு. வீட்டில் ஒரே ஒரு திசைவி இருந்தாலும் இது வரலாம். இணைய முகவரி முறையான ஐபியின் நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. அவை பற்றாததால் பல சேவை நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலும் ஒரு முகவரிமாற்றம் செய்கின்றன. அதற்கென்றே 100.64 என்பதில் தொடங்கி 100.127 வரையிலான முகவரிகளை 2012இல் ஒதுக்கினார்கள். உங்கள் ஒற்றைத் திசைவியின் வெளிமுகவரி இந்த வரம்பில் இருந்தால், சிக்கல் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வீட்டில் வடத்தை எப்படி மாற்றிப் போட்டாலும் தீராது. ஆகவே பெயரில் திசைவி வரக் கூடாது. 'இரட்டை முகவரிமாற்றம்' என்று நடப்பதையே பெயராக்கிவிடலாம்.

* * *

> 'இரட்டை முகவரிமாற்றம்'

சரி, இதையே வைத்துக்கொள்கிறேன். திரையில் கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் ஒரு வரிக்குள் அடங்குகிறது.

தொடரிணைப்பை நீக்கிவிட்டேன். அமைவுப் பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது: 'தனி வலையமைப்பு வேண்டுமா? அடுக்கிணைப்பைத் தேர்க. இருக்கும் வலையமைப்பை நீட்டினால் போதுமா? விரிவிணைப்பைத் தேர்க.' இரண்டாவதைத் தேர்ந்தால் டிஎச்சிபி தானாக அணையும் என்ற எச்சரிக்கையையும் அதன் கீழேயே போட்டிருக்கிறேன்.

வடமே இல்லாமல் காற்றுவழியாக இரண்டு திசைவிகள் பேசிக்கொள்வதும் விரிவிணைப்பில் அடங்குமா, அதற்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதைப் புது இழையில் கேட்கிறேன்.