‘கியர் ஸ்லிப்’: சறுக்கலா, வழுக்கலா, பிடிநழுவலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தானியங்கி கியர்பெட்டி உள்ள எஸ்யூவிகளில் இன்ஜின் வேகமாகச் சுற்றியும் வண்டி வேகம் பிடிக்காமல் போகிற ‘ஸ்லிப்’ கோளாறுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: வழுக்கல், சறுக்கல், பல்லிணைச் சறுக்கல், இழுக்கல். நான்கையும் இரண்டு நாளாக மனதில் போட்டுப் புரட்டிப் பார்த்தேன். நான்குமே நல்ல தமிழ்தான், ஆனால் ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் நடப்பதைச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். அதனால் முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், சொல்லுக்கு அப்புறம் வருவோம்.

எங்கள் வீட்டு ஏழு இருக்கை வண்டியிலேயே எனக்கு இது நேர்ந்தது. எல்லாரும் ஏறி, மூட்டை முடிச்செல்லாம் வைத்து, ஒரு நீண்ட ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம். மிதியை அழுத்தியதும் ஆர்பிஎம் முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) 2000-லிருந்து 3500-க்குத் தாவியது, வேகமுள் நின்ற இடத்திலேயே நின்றது. இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி “நியூட்ரல்ல போட்டுட்டீங்களா?” என்று கேட்டார். நியூட்ரலில் மிதியை அழுத்தினால் வருகிற சத்தம் போலவேதான் இருந்தது. பிறகு பட்டறையில் பெட்டியைப் பிரித்த ஃபிட்டர் ஒரு கிளட்ச் பிளேட்டை என் கையில் வைத்தார். எஃகு வளையத்தின் இரு பக்கமும் காகிதம்போல ஒட்டியிருக்க வேண்டிய உராய்வுப் பூச்சு, அது நல்ல பிளேட்டிலேயே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான், இதில் பல இடங்களில் கருகி உதிர்ந்து எஃகு தெரிந்தது. எண்ணெயில் தீய்ந்த வாடை. அவர் சொன்னது இரண்டே சொல்: “பிளேட் பிடிக்கல.”

அந்த ‘பிடி’தான் நமக்கு வேண்டிய வேர்ச்சொல் என்று நினைக்கிறேன்.

பல்லிணைச் சறுக்கல் என்று எழுதிய ஐயாவின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் அந்தச் சொல்லைத்தான் நான் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. பல்லிணை என்றால் பற்சக்கரம், அதாவது கியர். டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உறுப்பு) வகைப் பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் கோள் பல்லிணைகள். நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றிச் சில கோள் சக்கரங்கள், வெளியே உள்பல் வைத்த வளையம். இவற்றின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கும், கியர் மாறும்போதுகூடப் பிரிவதில்லை. எந்த உறுப்பைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை எதோடு சேர்த்துப் பிடிக்கிறோம் என்பதுதான் மாறுகிறது, அதற்கேற்ப விகிதமும் மாறுகிறது. அந்தப் பிடிக்கிற வேலையைச் செய்பவை எண்ணெய் அழுத்தத்தால் நெருக்கப்படும் கிளட்ச் பிளேட் அடுக்குகளும், சில பெட்டிகளில் பட்டைகளும். ஆக, ‘கியர் ஸ்லிப் ஆகுது’ என்று நாம் சொல்லும்போது பல் எதுவும் சறுக்கவில்லை. பல் சறுக்கினால் அது உடைந்துவிட்டது என்றுதான் பொருள். பேச்சில் கியர் ஸ்லிப் என்று சொல்வது இருக்கட்டும், கலைச்சொல்லிலும் பல்லிணையைக் கொண்டுவந்து வைத்தால் படிக்கிறவர் தவறான உறுப்பைத் தேடிப் போவார்.

வழுக்கல், சறுக்கல் இரண்டிலும் வேறொரு சிக்கல். வண்டி என்றாலே அவை சாலைக்கும் டயருக்கும் நடுவே நடப்பவை. மழையில் டயர் வழுக்குகிறது, மணலில் சக்கரம் சறுக்குகிறது. அதற்கென்றே தனி எச்சரிக்கை விளக்கும் இருக்கிறது. ‘வழுக்கல் கண்டறியப்பட்டது’ என்று திரையில் வந்தால், ஓட்டுபவர் சாலையைப் பார்ப்பாரே தவிர, பெட்டியை நினைக்க மாட்டார். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் இருப்பவருக்கு அந்தக் குழப்பத்தை நாம் தரக்கூடாது.

இழுக்கல் எனக்குப் பிடித்த சொல். குறளில் 415-ஆம் பாட்டில் ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல்’ என்று வருவது வழுக்கும் தரையைத்தான். ஆனால் இன்று அதை வண்டிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? “வண்டி இழுக்கல” என்று பேச்சில் சொன்னால் வண்டிக்கு இழுவை இல்லை என்று பொருள். அது டீசல் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம், டர்போ கோளாறாக இருக்கலாம். ‘இழுக்கல்’, ‘இழுக்கல’ இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

நான் முன்வைப்பது பிடிநழுவல். கையில் பிடித்திருந்தது விட்டுப் போவதைத்தான் நழுவுதல் என்கிறோம். அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய பிளேட்டுகள் சுமை வந்ததும் பிடியை விடுவது அதே செயல். வினையாகவும் தடையில்லாமல் வரும்: பிடி நழுவுகிறது, மூன்றாம் கியரில் மட்டும் பிடி நழுவியது, சூடான பிறகே நழுவுகிறது. பெயர் இருந்து வினை இல்லாத கலைச்சொற்கள் அகராதியிலேயே தங்கிவிடுவதை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். பற்றுநழுவல் என்றும் யோசித்தேன், ஆனால் பற்று என்றதும் பற்று வரவுக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்க்காமல் போகக்கூடாது. எல்லா ஸ்லிப்பும் கோளாறு அல்ல. டார்க் கன்வர்ட்டரில் இன்ஜின் பக்கத்துத் துடுப்புச் சக்கரமும் பெட்டி பக்கத்துச் சக்கரமும் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் இருக்கும் எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. அதனால் பெட்டி பக்கம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவது இயல்பு. அந்த வேக இடைவெளியை மூடத்தான் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கப் கிளட்ச் வைத்தார்கள், அதையும் இன்றைய பெட்டிகள் அதிர்வு தெரியாமலிருக்க வேண்டுமென்றே சிறிது ஸ்லிப்போடு ஓட விடுகின்றன. மின்சாரத்தில் ஓடும் தூண்டல் மோட்டாரிலும் இதே கதைதான்: நிமிடத்துக்கு 1500 சுற்றில் காந்தப்புலம் சுழன்றால் சுழலி 1440-ல் ஓடும், 4 விழுக்காடு ஸ்லிப், அது இல்லாவிட்டால் மோட்டாருக்கு முறுக்குவிசையே வராது. இந்த இயல்பான ஸ்லிப்புக்குப் பின்தங்கல் என்று தனிச்சொல் வைக்கலாம். பின்தங்கல் வடிவமைப்பு, பிடிநழுவல் கோளாறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தப் பிரிவு தெரிந்தால், கிளம்பும்போது ஆர்பிஎம் சற்று முந்துவதைப் பார்த்துப் பயந்து பட்டறைக்கு ஓடுகிறவர்கள் குறைவார்கள்.

வண்டியின் கணினி காட்டும் கோளாறுக் குறியீடுகளில் ஒன்றான பி0894-இன் விளக்கத்தை வைத்துச் சோதித்தேன்: ‘கியர்பெட்டி உறுப்பு பிடி நழுவுகிறது.’ சரியாக உட்காருகிறது. பி0730-க்கு இந்தச் சொல்லே வேண்டாம், அது ‘கியர் விகிதம் தவறு’. பெட்டிக்குள் நுழையும் தண்டின் வேகத்தையும் வெளிவரும் தண்டின் வேகத்தையும் சென்சார்கள் அளக்கின்றன. விகிதம் 1-க்கு 1 ஆன கியரில் உள்ளே 3000, வெளியே 2700 என்றால் எங்கேயோ 10 விழுக்காடு நழுவுகிறது. ‘பிடிநழுவல் 10 விழுக்காடு’ என்று அளவாகவும் எழுத முடிகிறது.

காரணங்களை விளக்கும்போதும் சொல் கைகொடுக்கிறது. பிடி ஏன் நழுவும்? நெருக்கும் அழுத்தம் குறைந்தால், அல்லது உராய்வுப் பூச்சு போய்விட்டால். எண்ணெய் கசிந்து மட்டம் இறங்கினால் அழுத்தம் குறையும். இந்த எண்ணெய் இன்ஜினில்போல எரிந்து தீர்வதில்லை, குறைந்திருந்தால் கசிவு உண்டு என்றுதான் கொள்ள வேண்டும். சூட்டில் சீல்கள் இறுகினாலும், எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சொலனாய்டோ (மின்காந்த விசை) வால்வோ சிக்கினாலும் அதே விளைவுதான். பெரிய குடும்ப வண்டிகள் ஆளோடும் சாமானோடும் 2 டன்னைத் தாண்டிவிடும். மெதுவான ஏற்றத்திலும், பின்னால் டிரெய்லர் இழுக்கும்போதும் கன்வர்ட்டரில் சூடு ஏறி எண்ணெய் கெடுகிறது. கெட்ட எண்ணெயால் பிடி குறைகிறது, நழுவும் பிளேட் மேலும் சூட்டைக் கிளப்புகிறது. ஒரு முறை நழுவ ஆரம்பித்த வண்டியை ‘பார்த்துக்கலாம்’ என்று ஓட்டக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். இதை எங்கள் வண்டியில் பாடமாகவே கற்றேன், முதல் அறிகுறிக்கும் பட்டறைக்கும் நடுவே மூன்று வாரம் விட்டுவிட்டேன்.

கூடவே வரும் மற்ற அறிகுறிகளை இதில் கலக்க வேண்டாம். டி-யில் (டிரைவ்) போட்டபின் ஓரிரு நொடி கழித்து வண்டி பிடிப்பதை ‘தாமதப்பிடி’ எனலாம். சீரான வேகத்தில் வரும் உதறலை ‘நடுக்கம்’ எனலாம்.

படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் சிவிடி பெட்டிக்கு இது பொருந்துமா என்று கேட்ட நண்பருக்கு: பொருந்தும். அங்கே கப்பிகள் பெல்ட்டை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கின்றன, நழுவுவது அந்தப் பிடிதான்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் அந்தக் கணத்தில் மட்டும் ஆர்பிஎம் சட்டென்று எகிறி அடங்குமே, ஒரு கிளட்ச் விட்டு மற்றது பிடிப்பதற்குள் வரும் வெற்றுப் பாய்ச்சல். இடைநழுவல் என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. பட்டறைக்காரர்களோடு பழகுகிறவர்கள் அவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.