ஆம்பிளைகளைக் கூட்டத்துக்கு எப்படி வரவைப்பது?

வணக்கம் உறவுகளே, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்கள் சில பேர் சேர்ந்து, சம்பள நாளில் லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்) கசிப்பு என்கிற கள்ளச் சாராயப் போத்தல் வருவதையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் மாவா என்கிற புகையிலை கலந்த போதைப் பாக்குப் பாக்கெட் புழங்குவதையும் தடுக்க ஒரு குழு வைத்திருக்கிறோம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக் கூடாதென்று இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, கடைக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். சரி, அது ஒரு பக்கம். கூட்டம் போட்டால் கொழுந்தெடுத்துக் களைத்த அக்காமார் மட்டும்தான் வருகிறார்கள், குடிக்கிற அண்ணன்மார் எட்டியும் பார்ப்பதில்லை (திட்டிப் பேசிப் பிரயோசனமில்லை என்பது என் எண்ணம்). தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை எழுதி ஒட்டினோம், யாரோ கிழித்துவிட்டார்கள். உங்கள் தோட்டங்களில் என்ன செய்தீர்கள்? தமிழில் பேசக்கூடிய உளவளத்துணையாளர் யாராவது ஹற்றன் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள், ஞாயிறு என்றால் நல்லது.