மருத்துவக் கருவியின் சர்க்யூட் போர்டுக்கு பாதுகாப்புக் கோட்டிங் போடுபவர் யாராவது புதுச்சேரி பக்கம் இருக்கிறார்களா?

வணக்கம். சேதராப்பட்டில் சின்ன யூனிட் வைத்து சிரிஞ்ச் பம்புக்கான கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். டிசைன் முடிந்துவிட்டது. மெயின்ஸ் பக்கத்துக்கும் நோயாளி பக்கத்துக்கும் நடுவே 8 மி.மீ. கிரீப்பேஜ் (போர்டின் மேற்பரப்பு வழியே உள்ள இடைவெளி) விட்டிருக்கிறோம், 250 வோல்ட் வரை மருத்துவ மின்கருவிகளுக்கான பாதுகாப்புத் தரமான ஐஇசி 60601-1 கேட்பது அதுதான். இப்போது கவலையெல்லாம் கடற்காற்று. சால்டரிங் முடிந்தபின் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கப் போடும் பொருள்) மீது ஈரமும் உப்பும் சேர்ந்தால் கசிவு மின்னோட்டம் மெல்ல ஏறும், நாளடைவில் தடங்களுக்கு இடையே உலோக இழை வளர்ந்து ஷார்ட் கூட ஆகலாம், ஐசியூவில் மருந்து ஏற்றும் கருவியில் அதை நினைக்கவே முடியாது. கழுவாமல் கோட்டிங் அடிப்பது அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். "நோ-கிளீன் ஃப்ளக்ஸ் தானே, கழுவத் தேவையில்லை, விடுங்க" என்பவர்களிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

அதனால் புதுச்சேரி, கடலூர், இல்லாவிட்டால் சென்னையிலாவது, போர்டைக் கழுவி, அயனி மாசு (உப்பு போன்ற மின்கடத்தும் எச்சம்) சோதனை செய்து, அப்புறம் அக்ரிலிக் கோட்டிங் போட்டு எல்லா இடத்திலும் படிந்திருக்கிறதா என்று யுவி விளக்கில் காட்டித் தருபவர் யாரையாவது தெரியுமா? கனெக்டருக்குள் போகாமல் மறைத்து அடிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 13485 (மருத்துவக் கருவிகளுக்கான தரச் சான்று) இருந்தால் ரொம்ப நல்லது. மாதம் சில நூறு போர்டுதான் வரும், அதற்குச் சம்மதிப்பவராகச் சொல்லுங்கள். சிலிகான் கோட்டிங் பயன்படுத்தியவர்கள் இருந்தால், ரிப்பேருக்கு அதை எப்படி உரிக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.