செயற்கை நுண்ணறிவும் இரசாயனவியலும் சேர்த்துப் படிக்க வழி சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் இறுதியாண்டு படிக்கும் தங்கைக்காகக் கேட்கிறேன். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜோன் ஜம்பருக்கும் 2024இல் இரசாயன நோபலில் பங்கு கிடைத்ததிலிருந்து, அவளுக்கு இந்தத் துறைதான் வேண்டும் என்ற ஆசை.

அமெரிக்காவில் எம்ஐடி, ஹார்வர்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2020இல் தொடங்கிய மையத்தில் பௌதிகவியலாளரும் கணினி ஆய்வாளரும் ஒன்றாக வேலை செய்கிறார்கள். இரசாயனத்துக்கு அப்படி எங்கே இருக்கிறது? அவளுக்குப் பைதான் நிரல்மொழி ஓரளவு தெரியும். கணிதம் எவ்வளவு வேண்டும் என்றுதான் விளங்கவில்லை.

அதற்கு முதல், இங்கே கொழும்பிலேயே இரசாயனம், கணினி என இரண்டு துறை விரிவுரையாளர்களையும் சேர்த்து ஆய்வு செய்தவர்கள் இருக்கிறீர்களா? யாரிடம், எப்படிக் கேட்டீர்கள்? உதவித்தொகை இல்லாமல் வெளிநாடு போக எங்களுக்கு வசதி இல்லை, அதையும் யோசித்துச் சொல்லுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் என்றால் நேரில் வந்து கதைக்கவும் தயார்.